அலை ஓய்ந்தபின் எழுந்த பாடல்கள்



புகழ் கலைஞனுக்கு வாய்க்கும் பெரும்பேறு. ஆயினும் அதற்கென்று ஒரு குணம் உண்டு. எந்தப் பாட்டால் ஒருவனை முதன்முதலில் அறிந்துகொண்டதோ, அந்தப் பாட்டையே அவன் ஆயுள் முழுவதும் பாடிக்கொண்டிருக்க வேண்டுமென்று உலகம் எதிர்பார்க்கிறது. இருபது வயதில் பாடியதையே அறுபது வயதிலும் கேட்கிறது. இடையில் அவன் கற்றதையும், பட்டதையும், தேர்ந்ததையும் கேட்க அதற்குப் பொறுமை இருப்பதில்லை. இவ்விதிக்கு ஆளான ஓர் அமெரிக்க இசைக்குழுவைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். பீச் பாய்ஸ் என்பது அக்குழுவின் பெயர். கடற்கரைப் பையன்கள் என்று தமிழில் சொல்லலாம்.

இப்பெயரைக் கேட்டதும், மேனாட்டு இசையில் பழக்கமுள்ள நேயர்களின் நினைவில் எழுவன வெயிலும், மணலும், அலைச்சறுக்குப் பலகையும், விரைந்தோடும் மோட்டார் காருமே. அவற்றைப் பற்றி அக்குழுவினர் பாடிய பாடல்கள் உலகெங்கும் ஒலித்தன, இன்றும் ஒலிக்கின்றன. அவற்றைப் பற்றி நாம் இங்கு அதிகம் பேசப் போவதில்லை. அந்த ஆரவாரம் அடங்கிய பிறகு, கேட்பார் குறைந்துபோன காலத்தில், அதே குழுவினர் ஆக்கிய இசை ஒன்று உண்டு. வெளிவந்த நாளில் பெரும்பாலோர் பொருட்படுத்தாத அந்த இசை, அரை நூற்றாண்டு கடந்தும் புதிய ரசிகர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. அஃது ஏன் என்பதே நம் கேள்வி.

முதலில் குழுவின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1961-ஆம் ஆண்டு, கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த ஹாதார்ன் என்னும் ஊரில் இக்குழு தோன்றியது. பிரையன் வில்சன், டென்னிஸ் வில்சன், கார்ல் வில்சன் என்ற உடன்பிறந்தார் மூவர். அவர்களுடைய அத்தை மகன் மைக் லவ். பள்ளித் தோழர் அல் ஜார்டீன். ஆக ஐவர். வயதில் மூத்த மைக்குக்கு அப்போது 20. இளையவரான கார்லுக்கு 14. அவ்வாண்டு முடியுமுன்னரே முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1962-ல் கேபிடல் நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது.

அந்நாளில் கலிபோர்னியக் கரையோரத்து இளைஞரிடையே அலைச்சறுக்கு ஒரு மோகமாகப் பரவியிருந்தது. டிக் டேல் போன்ற கித்தார் கலைஞர்கள், அக்கருவியின் ஒலியோடு எதிரொலியைச் சேர்த்து, அலையின் வேகத்தையும் வீழ்ச்சியையும் இசையிலே காட்ட முயன்றார்கள். அதுவே ஸர்ஃப் ராக் என்னும் இசைவகை. பெரும்பாலும் வாய்ப்பாட்டு இல்லாத அந்த இசைக்குக் குரலைக் கொடுத்தவர்கள் பீச் பாய்ஸ் குழுவினர். இதில் வேடிக்கை என்னவெனில், ஐவருள் அலைச்சறுக்கில் உண்மையாகவே ஈடுபட்டவர் டென்னிஸ் ஒருவரே. பாட்டுக்குப் பொருளாகக் கடலைத் தந்தவரும் அவரே. மற்றவர்களுக்கு அலை என்பது பாட்டில்தான்.

அவர்களுடைய தனிச்சிறப்பு குரலிணைப்பில் இருந்தது. நம் செவிக்குப் பழகிய இசை ஒற்றை இழையாக ஓடுவது. பாடகர் ஒரு வேளையில் ஒரு சுவரத்தைப் பாடுகிறார். அதைச் சுற்றிய கமகமும் அசைவுமே அழகு. மேனாட்டிசையின் வழி வேறு. ஒருவர் ஸட்ஜத்தையும், மற்றொருவர் காந்தாரத்தையும், இன்னொருவர் பஞ்சமத்தையும் ஒரே வேளையில் பாடுவார்கள். மூன்றும் கலந்தபோது, தனித்தனியே எதிலும் இல்லாத ஒரு நிறம் பிறக்கிறது. அடுத்த கணம் ஒவ்வொரு குரலும் தன் தன் வழியே நகர, நிறமும் மாறுகிறது. இதுவே ஹார்மனி எனப்படும் ஒத்திசை. ஒரு குடும்பத்துக் குரல்கள் இயல்பிலேயே ஒத்திருக்குமாதலால், வில்சன் சகோதரர்களின் ஒத்திசையில் பிறர் முயன்றும் பெற முடியாத ஓர் ஒட்டுறவு இருந்தது.

அதை வகுத்தவர் மூத்த சகோதரர் பிரையன். இளமையில் ஃபோர் ஃபிரெஷ்மென் என்ற நால்வர் குழுவின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு குரலும் செல்லும் வழியைப் பிரித்து உணர்ந்து, தம்பியருக்கும் கற்பித்தவர் அவர். இத்தனைக்கும் அவருடைய வலச்செவி ஏறக்குறையக் கேளாச் செவி. இரு பக்கமும் பிரித்துக் கேட்கும் ஸ்டீரியோ இன்பத்தை அவர் முழுமையாக அனுபவித்தவர் அல்லர். ஒரு செவியால் கேட்டே, உலகம் இரு செவியாலும் கேட்டு வியக்கும் இசையை அவர் அமைத்தார்.

1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கா வந்தனர். அதனுடன் ஸர்ஃப் இசையின் காலம் முடிவை நெருங்கியது. அவ்வாண்டு டிசம்பரில், கச்சேரிப் பயணமாக விமானத்தில் செல்லும்போது பிரையன் மனம் கலங்கித் துன்புற்றார். அதன்பின் ஊர் ஊராகச் செல்வதை விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்திலேயே தங்கிப் பணியாற்றலானார். பின்னர் புரூஸ் ஜான்ஸ்டன் குழுவில் சேர்ந்தார். 1966 ஜனவரியில் மற்றவர்கள் ஜப்பானில் பாடிக்கொண்டிருந்தபோது, பிரையன் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துத் தேர்ந்த வாத்தியக்காரர்களைக் கொண்டு ஒரு புதிய இசையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதுவே அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த பெட் சவுண்ட்ஸ். அதில் அலையும் இல்லை, காரும் இல்லை. வளர்ந்துவரும் ஓர் இளைஞனின் அச்சமும், ஐயமும், அன்பும் இருந்தன. இங்கிலாந்தில் அது விற்பனை வரிசையில் 2-ஆம் இடத்தை எட்டியது. சொந்த நாட்டில் 10-ஆம் இடத்தோடு நின்றது.

அதைத் தொடர்ந்து ஸ்மைல் என்ற பெரிய முயற்சியைப் பிரையன் மேற்கொண்டார். வான் டைக் பார்க்ஸ் பாட்டுரை எழுதினார். குழுவிற்குள் கருத்து வேற்றுமை, நிறுவனத்தோடு வழக்கு, பிரையனின் உடல் மனத் தளர்ச்சி ஆகியவை ஒன்று சேர்ந்து 1967-ல் அம்முயற்சியை நிறுத்திவிட்டன. பலர் இவ்விடத்தில் கதையை முடித்துவிடுவார்கள். நாம் பேச வந்த இசையோ இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

பெரிய முயற்சி முறிந்த பின்னர் குழுவினர் என்ன செய்தார்கள்? பிரையனின் இல்லத்திலேயே ஒலிப்பதிவுக் கருவிகளை அமைத்துக்கொண்டார்கள். பெரிய வாத்தியக் கூட்டம் இல்லை. வீட்டுக்குள் நான்கைந்து பேர் கூடிப் பாடும் நெருக்கமான ஒலி எழுந்தது. 1967-ல் ஸ்மைலி ஸ்மைல், வைல்ட் ஹனி என்ற இரு இசைத்தட்டுகளும், 1968 ஜூனில் ஃபிரெண்ட்ஸ் என்பதும் வெளிவந்தன.

ஃபிரெண்ட்ஸ் இசைத்தட்டு நம் நாட்டோடு சிறிது தொடர்புடையது. 1968-ஆம் ஆண்டின் முற்பகுதியில், கங்கைக் கரையில் ரிஷிகேசத்திலிருந்த மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்திற்குப் பீட்டில்ஸ் குழுவினர் வந்த செய்தியை அனைவரும் அறிவர். அதே நாட்களில் அங்கே தங்கியிருந்தவர்களுள் பீச் பாய்ஸ் குழுவின் மைக் லவ்வும் ஒருவர். அங்கு உடம்பு பிடித்துவிடும் பணி செய்த ஒரு பெண்மணியைப் பற்றியும், தியானத்தைப் பற்றியும் இந்த இசைத்தட்டில் பாடல்கள் இருக்கின்றன. அவ்வாண்டு மே மாதத்தில் மகரிஷியையும் உடன் அழைத்துக்கொண்டு அமெரிக்க நகரங்களில் கச்சேரி நடத்தப் புறப்பட்டார்கள். முதலில் பாட்டு, பிறகு மகரிஷியின் உரை. கேட்க ஆளில்லாமல் சில நாட்களிலேயே பயணம் நின்றது. வடநாட்டில் வாழும் நம்மவர் ரிஷிகேசம் செல்லும்போது, 2015-ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அப்பழைய ஆசிரமத்தைக் காணலாம்.

ஃபிரெண்ட்ஸ் முழுவதும் கேட்டு முடிக்க 26 நிமிடங்கள் போதும். அதன் தலைப்புப் பாடல் மூன்று மாத்திரை நடையில் அமைந்த வால்ட்ஸ். நம் திஸ்ர நடையின் சாயலில் தாலாட்டுப் போல அசைந்து செல்வது. 1968 அமெரிக்காவுக்குக் கொந்தளிப்பான ஆண்டு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும், ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இளைஞர் உலகம் சினத்தின் குரலை வேண்டி நின்றபோது, இவர்கள் நட்பையும், பிள்ளைப்பேற்றையும், ஒரு சிறு பறவையையும் பற்றி மெல்லப் பாடினார்கள். ஒரு பாட்டில் பிரையன் தம் வீட்டுக்கு வரும் வழியைச் சொல்கிறார், அவ்வளவே பொருள். அமெரிக்க விற்பனை வரிசையில் அது 126-ஆம் இடத்திற்கு மேல் ஏறவில்லை. ஆயினும், குழுவின் இசைத்தட்டுகளுள் தமக்கு மிக விருப்பமானது இதுவே என்று பிரையன் பின்னாளில் கூறியதுண்டு.

1970-ல் வெளிவந்த சன்ஃபிளவர், அமெரிக்காவில் 151-ஆம் இடத்தையே அடைந்தது. குழுவினர் அனைவரும் பாடல் இயற்றிப் பங்குகொண்ட இசைத்தட்டு இது. பிரையன் பின்னுக்கு நகர்ந்தபோது, அதுவரை அவர் நிழலில் நின்ற தம்பியர் முன்னே வந்தனர். கேளிக்கைப் பிரியர் என்றே உலகம் எண்ணியிருந்த டென்னிஸ், ஃபாரெவர் என்ற ஓர் அன்புப் பாடலை அதில் பாடியிருக்கிறார். அக்குரலின் பணிவு கேட்போரை உருக்கும். திஸ் ஹோல் வேர்ல்ட் என்ற பிரையனின் பாட்டு இரண்டு நிமிடங்கூட இல்லை. அதற்குள் ஆதார சுருதி மீண்டும் மீண்டும் இடம் மாறுகிறது. நம் வித்துவான்கள் கிரகபேதம் செய்யும்போது எழும் வியப்பை ஒத்தது அது. ஆனால் பாட்டைக் கேட்பவர் அம்மாற்றங்களை உணர்வதே இல்லை. மனம் மலர்ந்துகொண்டே போவதை மட்டும் உணர்கிறார்.

1971-ல் சர்ஃப்ஸ் அப் வந்தது. அதன் உறையில் அலையும் இல்லை, வெயிலும் இல்லை. களைத்த குதிரையின்மீது தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஒரு செவ்விந்தியரின் உருவம் உள்ளது. ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் என்ற சிற்பியின் புகழ்பெற்ற படைப்பைத் தழுவியது அது. தலைப்புப் பாடல், கைவிடப்பட்ட ஸ்மைல் முயற்சியைச் சேர்ந்தது. முற்பகுதியைக் கார்ல் புதிதாகப் பாட, பிற்பகுதிக்கு 1966-ல் பிரையன் பியானோவோடு தனித்துப் பாடிய பழைய பதிவையே இணைத்தார்கள். அண்ணன் தொடங்கி நிறுத்திய பாட்டைத் தம்பி எடுத்து முடித்தார் எனலாம். அப்பாட்டைக் கேட்கும்போது, ஒரு குடும்பத்தின் ஐந்தாண்டு வரலாற்றையே கேட்கிறோம்.

அடுத்து, 1972-ல் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கலிபோர்னியாவிலிருந்து நெதர்லாந்துக்குக் கொண்டு சென்று, பெருஞ்செலவில் ஹாலந்து என்ற இசைத்தட்டை ஆக்கினார்கள். 1973-ல் அது வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த பிளாண்டி சாப்ளின், ரிக்கி ஃபட்டார் என்ற இருவர் அப்போது குழுவில் சேர்ந்திருந்தனர். அதிலுள்ள டிரேடர் என்ற பாட்டு, வணிகனாக வந்து மண்ணைக் கைப்பற்றிய வெள்ளையரின் கதையைக் கூறுகிறது. அக்கதையை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அலைச்சறுக்குப் பாடகர் என்று பெயர் வாங்கியவர்கள் இத்தகைய பொருளைப் பாடினார்கள் என்பதே கவனிக்கத் தக்கது.

இந்த வளர்ச்சி ஏன் நின்றது? பழைய பாடல்களே புதியவற்றை வென்றுவிட்டன. 1974-ல் கேபிடல் நிறுவனம், 1965 வரையிலான பாடல்களைத் தொகுத்து எண்ட்லெஸ் சம்மர் என்ற பெயரில் வெளியிட்டது. முடிவில்லாத கோடை என்பது அதன் பொருள். அத்தொகுப்பு அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. கச்சேரிக்கு வந்தோர் பழைய பாட்டுகளையே கேட்டனர். குழுவினரும் அவற்றையே பாடினர். வருவாய் பெருகியது, இசை தேங்கியது. கேட்போரைக் குறை கூறுவதற்கில்லை. மகிழ்ந்த நாளை மீண்டும் கேட்க விரும்புவது மனித இயல்பு. ஆயினும், ஒரு குழுவினர் தம் இளமைக்கே கைதிகளாய்ப் போன துயரத்தை இங்கே காண்கிறோம்.

இனி, நம் கேள்விக்கு வருவோம். தோற்றுப்போன இவ்விசை நிலைத்து நிற்பதற்குக் காரணம் யாது?

முதற்காரணம், அது எவரையும் கவர முயலாமை. சந்தையை எதிர்பார்த்துச் செய்த இசையில் சந்தையின் தேதி பதிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டின் செவிக்கு அது பழசாகத் தோன்றும். கேட்பார் இல்லையென்று அறிந்து, தமக்காகவும் தம்மவருக்காகவும் பாடியதில் அத்தேதி இல்லை.

இரண்டாவது, அதன் பொருள் வாழ்வோடு சேர்ந்து வளர்ந்தமை. கடல் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே இது விளங்கும். 1963-ல் அவர்களுக்குக் கடல் ஒரு விளையாட்டுத் திடல். 1970-ல், கூல் கூல் வாட்டர் என்ற பாட்டில், நீரின் குளிர்ச்சியே தியானமாகிறது. 1971-ல் அதே கடலும் ஆறும் மாசுபட்டுவிட்டன என்று எச்சரிக்கிறார்கள். அதே இசைத்தட்டில், டில் ஐ டை என்ற பாட்டில், பெருங்கடலில் அலைக்கழியும் தக்கையாகத் தம்மைக் காண்கிறார் பிரையன். 1977-ல் டென்னிஸ் தனியாக வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் பசிபிக் ஓஷன் புளூ. குடியாலும் மனவேதனையாலும் கரகரத்துப்போன குரலில் கடலைப் பாடுகிறார். 1983 டிசம்பர் 28-ஆம் நாள், ஐவருள் கடலை உண்மையாக அறிந்த அந்த டென்னிஸ், மரினா டெல் ரே துறையில் நீரில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 39. அவர் உடலைக் கடலுக்கே அளித்தார்கள். முதற்பாடல்களை மட்டும் அறிந்தவர்கள் கரையில் நின்று திரும்பியவர்கள். பிற்பாடல்களையும் கேட்டவர்களே அக்கடலின் ஆழத்தை அறிவர்.

மூன்றாவது காரணம், தளர்ந்தவரைத் தாங்கும் பண்பு. பெரிய கனவு முறிந்த ஒருவர் நடுவில் இருக்கிறார். அவரைச் சுற்றித் தம்பியரும் உறவினரும் நண்பரும் நின்று பாடுகிறார்கள். பிணக்குகளும் இருந்தன, அவற்றை மறைப்பதற்கில்லை. ஆயினும் குரல்கள் சேரும்போது, ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் நிரப்புகிறார். வாழ்க்கையில் ஒருமுறையேனும் தோல்வி கண்டவர்களுக்கு இவ்வொலி எளிதில் புரியும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். மறைந்து கிடப்பதெல்லாம் மாணிக்கம் அன்று. இக்குழுவின் அறியப்படாத பாடல்களுள் அறியப்படாமலே இருக்கத் தக்கவையும் பல உண்டு. சிறுபிள்ளை விளையாட்டாய்ப் போனவையும், அவசரத்தில் செய்தவையும் உண்டு. பிறர் அறியாத ஒன்றை நாம் அறிந்தோம் என்ற பெருமிதத்தால் ஒரு பாட்டு உயர்ந்துவிடாது. பலர் விரும்பினர் என்பதால் தாழ்ந்துவிடவும் செய்யாது. செவியே நீதிபதி.

காலம் ஓரளவு நீதி வழங்கியிருக்கிறது. கைவிட்ட ஸ்மைல் இசையைப் பிரையன் 37 ஆண்டுகளுக்குப்பின், 2004 பிப்ரவரியில், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் முழுமையாக அரங்கேற்றினார். பழைய ஒலிப்பதிவுகளே 2011-ல் வெளிவந்தன. சன்ஃபிளவர், சர்ஃப்ஸ் அப் காலத்துப் பதிவுகள் 2021-ல் பெருந்தொகுப்பாக வந்தன. கார்ல் 1998-ல் மறைந்தார். பிரையன் 2025 ஜூன் 11-ஆம் நாள் தமது 82-ஆம் வயதில் காலமானார். அப்போது உலகம் எழுதிய இரங்கலுரைகளில் அவருடைய ஒத்திசையும் பேசப்பட்டது.

இவ்விசையைக் கேட்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு யோசனை கூறுவோம். இன்று இவை கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. முதலில் ஃபிரெண்ட்ஸ், இரவில், பணி முடிந்து, ஓய்வாக அமர்ந்து கேட்பதற்கு ஏற்றது. பிறகு சன்ஃபிளவர். அதன்பின் சர்ஃப்ஸ் அப். முதல் முறை சொற்களைத் தேடாமல், ஒரு குரலை மட்டும் பற்றிக்கொண்டு அதன் பின்னே செல்லுங்கள். அடுத்த முறை வேறொரு குரலைப் பற்றுங்கள். ஒரே பாட்டு நான்கு பாட்டுகளாக விரியும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இக்குழுவின் கதையில் மற்றொரு பாடமும் உண்டு. புதிய ஊருக்குச் சென்ற ஒருவரை அவ்வூரார் முதலில் ஒரே சொல்லால் அறிந்துகொள்கின்றனர். ஊரின் பெயர், உணவின் பெயர், பேச்சின் சாயல் என ஏதோ ஒன்று முத்திரையாகிவிடுகிறது. பல ஆண்டுகள் பழகிய அண்டை வீட்டாரே அம்முத்திரைக்கு அப்பாலுள்ள மனிதரைக் காண்கின்றனர். நாமும் அயலாரை அவ்வாறே சுருக்கிவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாட்டாயினும் மனிதராயினும், முதலில் கேட்டதோடு நின்றுவிடாமல் அடுத்ததையும் கேட்பதே மரியாதை.

அலை ஓய்ந்தபின் கடலாடலாம் என்று காத்திருப்பவனை நம் முன்னோர் நகையாடினர். ஓயாத அலைக்கு அது பொருந்தும். ஆனால் புகழ் என்னும் அலை ஓயக் கூடியது. அது ஓய்ந்த பிறகும் கரையை விட்டுப் போகாமல் சிலர் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்பாடல்கள் நமக்காகக் காத்திருக்கின்றன.